மருமகளுக்காகச் சத்தம் அடக்கிய வீடு

"மருந்து நான் தர்றேன். மீதியெல்லாம் வீட்டில்தான். ஆள் ரிலாக்ஸ்டா இருக்கணும்" என்று மருமகளைப் பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார். பத்தியம் என்றால் சமைத்துவிடலாம். மாத்திரை என்றால் நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கலாம். நிம்மதியை எந்தக் கடையில் போய் வாங்குவது? அதுவும் அதை ஏற்பாடு செய்யவேண்டிய ஆள் நான். கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் ஓட்டோவைத் திருப்பச் சொல்கிறவள். மகன் ஒரு தடவை ஃபோன் எடுக்கவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுவது என்று யோசிக்க ஆரம்பிக்கிறவள். என்னிடம் வந்து நிம்மதியான வீடு கேட்டால் நான் எங்கே போவேன்?

மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம் முடிகிற நேரம். முந்தின வருஷம் தரித்தது மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இந்தத் தடவை அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடும்போது பிரஷர் ஏற ஆரம்பித்தது. இன்னும் ஏறினால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகக்கூடாது, படி ஏறக்கூடாது, மனசில் எதையும் போட்டு உழப்பக்கூடாது.

அவளும் மகனும் கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பகலெல்லாம் அவளைத் தனியாக விட முடியாது. முறைப்படி தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். எங்கள் தமிழ்ப் பக்கத்திலும் அப்படித்தான், அவர்கள் மலையாளப் பக்கத்திலும் அப்படித்தான். ஆனால் அவள் வீடு மலையடிவாரத்தில், வித்துராவில். அங்கே அவளுடைய அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பக்கவாதம் வந்து அவர் படுத்தபிறகு கடையை மூடிவிட்டார்கள். அவரைத் தூக்கி உட்காரவைக்கவே அவளுடைய அம்மாவுக்கு நேரம் சரியாக இருக்கும். ஏதாவது ஆனால் அந்த வளைவு ரோட்டில் இறங்கி நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது. "நிங்கள் நோக்கிக்கொள்ளணே, சேச்சி" என்று அந்த அம்மா ஃபோனில் அழுதார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு மணக்காட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் சர்க்கார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனதும் இந்த மலையாளத்து ஊரில்தான். கணவரும் அதே மாதிரிக் குடும்பம். அவருக்குத் தொண்டை என்றால் தொண்டை. ஃபோனில் பேசினால் சந்து முனையில் ஓட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கும் அவருக்கும் சாதாரணமாக நடக்கிற பேச்சே வெளியே கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட வீட்டைத்தான் நான் ஒரே வாரத்தில் ஆசுவாசமான வீடாக மாற்றப் புறப்பட்டேன்.

முன்னறையைக் காலி செய்து கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டோம். பலாமரம் தெரியும், காற்று வரும். வெளிர் பச்சையில் புதுத் திரைச்சீலை தைத்தேன். காலிங் பெல்லின் வயரைக் கழற்றினேன். டி.வி.யை மாடி அறைக்கு ஏற்றினோம். செய்தி பார்க்கவேண்டுமானால் அவர் அங்கே போய் ஒலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். மிக்ஸியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தேன். மீன்காரியிடம் கூவ வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் நல்லவள், மறுநாளிலிருந்து கேட்டுக்கு வந்து ஏதோ கடத்தல் சரக்கு விற்பவள்போல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சேச்சி, சாள உண்டு" என்று காதோடு சொல்வாள்.

சொந்தக்காரர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்க்க வருகிறவர்கள் வாய்க்குள் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்கு எப்படிக் கலைந்தது, யார் எந்த ஆஸ்பத்திரியில் உயிர் விட்டாள் என்ற கதை எல்லாம் கட்டில் பக்கத்தில் வைத்துத்தான் நடக்கும். ஆகவே வந்தவர்களை வராந்தாவிலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினேன். எனக்குத் திமிர் என்று பேச்சு எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் மேலே ஒரு ஏற்பாடு உண்டு. அது புதிதில்லை, மகன் கல்யாணம் முடிந்த அன்றே நான் போட்ட சட்டம். மருமகள் இருக்கும் இடத்தில் தமிழ் பேசக்கூடாது.

"அந்தப் பிள்ளை மலையாளத்துப் பிள்ளையாக்கும். நாம நமக்குள்ள தமிழ்ல பேசினா தன்னைப் பத்தித்தான் பேசுதாங்கன்னு நினைக்கும்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆபீசில் எனக்கு முன் ஸீட்டில் இன்னொரு தமிழ் வீட்டுப் பெண் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு வார்த்தை தமிழில் பேசினால் போதும், பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "எந்தா, ஞங்களெப் பற்றியாணோ?" என்ன, எங்களைப் பற்றியா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனாலும் கேட்பார்கள். வேறு ஒரு ஆள் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் நாக்கைப் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்குத் திருப்பிவிடுவது எங்களுக்கு மரியாதை. செருப்பை வாசலில் விடுவதுபோல. யோசித்துச் செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்துபோன நாள்களில் இந்தச் சட்டத்தால் ஒரு கஷ்டமும் இல்லை. மத்தியானம் வருவாள், கலகலவென்று பேசுவாள், சாயங்காலம் போய்விடுவாள். போனதும் நாங்கள் தமிழுக்கு வந்துவிடுவோம். அவள் எங்கள் வீட்டிலேயே தங்க வந்தபிறகுதான் தமிழுக்குப் போக இடமில்லாமல் போனது. அடுக்களை மட்டும் மிச்சம். அங்கே நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வோம். மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான்; அடுக்களையில் நானும் அவரும்தான்.

என்ன பேசினோம்? அவளைப் பற்றித்தான். வேறு எதைப் பேசுவது? காலையில் பிரஷர் எவ்வளவு இருந்தது, கால் வீங்கியிருக்கிறதா, முகம் ஏன் அப்படி உப்பிக் கிடக்கிறது. பிறகு ஒரு தட்டில் கஞ்சியும் பயறுமாக எடுத்துக்கொண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்குப் போவேன். "மோளே, கஞ்ஞி குடிச்சாட்டே" என்பேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். என் மலையாளத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஃபைலில் குறிப்பெழுதிப் பழகிய மலையாளம். சுத்தமாக, மடிப்புக் கலையாமல் இருக்கும். அதில் எனக்கு ஒருத்தரைக் கொஞ்சத் தெரியாது, ஏசவும் தெரியாது என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை.

அவள் வந்து இரண்டாவது வாரம் பரிசோதனைக்குப் போனோம். பிரஷர் குறையவில்லை. ஏறியிருந்தது. டாக்டர் மெஷினை மாற்றிப் பார்த்தார், கை மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டில் எந்தெங்கிலும் டென்ஷன் உண்டோ?" என்று கேட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. வீட்டில் ஒரு கரண்டி கீழே விழவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேனே! மருமகள் அவசரமாக, "இல்ல டாக்டர், அம்ம என்னை நல்லா நோக்குந்நுண்டு" என்றாள். அவள் அப்படி முந்திக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் அட்மிட் செய்துவிட வேண்டியதுதான், அதற்கும் மேலே போனால் பிள்ளையை அந்த மாதத்திலேயே எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். ஏழு மாதம்கூட நிறையாத பிள்ளை.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் அரிசி களைந்துகொண்டு நின்றேன். அவர் பின்னால் வந்து, "என்னட்டீ சொன்னாரு டாக்டர்?" என்று கேட்டார். நான் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்துவிட்டது.

"எனக்கு மனசே சரியில்ல. இதும் நிக்காது போல இருக்கு" என்றேன்.

"சவம், வாயை மூடு" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நான் முகம் கழுவி, ஒரு கிளாஸில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். "டாக்டர் பறஞ்ஞது கேட்டில்லே? ஒந்நும் பேடிக்கான் இல்ல மோளே" என்றேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் தலையைத் தடவினேன். அவள் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் அம்மே" என்றாள்.

அந்தத் தேங்க்ஸை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவள் லாட்ஜில் தங்க வந்தவள்போல் ஆகிவிட்டாள். பாத்ரூம் போகுமுன் யாராவது அங்கே போகவேண்டுமா என்று கேட்பாள். குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். ஃபேனைக் கூட்டவா என்று அனுமதி கேட்பாள். நான் அறைக்குள் போனால் படுத்திருந்தவள் எழுந்து உட்காருவாள். முன்பு வாய் ஓயாமல் பேசிய பெண்; இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். வீடு அமைதியாக இருந்தது. நான் கேட்டுக் கேட்டு வாங்கிய அமைதி. அதில் உட்கார்ந்தால் எனக்கே மூச்சு முட்டியது. அதனால் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தேன். அவரை ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் மகன் வேலைக்குப் புறப்படும்போது தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "அம்மா, அவளுக்குத் திரும்ப ஃபிளாட்டுக்கே போணுமாம். உங்களுக்குக் கஷ்டம் கொடுக்குதோமுன்னு சொல்லுதா" என்றான்.

"அஞ்சாவது மாடியில பகல் முழுக்க அது தனியாக் கிடக்கதுக்கா? இங்க என்ன கொறை வச்சேன்?"

"கொறை ஒண்ணும் இல்லம்மா. அவ அவங்க அம்மாகிட்ட பேசும்போ அழுதா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா."

எனக்குக் கோபமா துக்கமா என்று தெரியவில்லை. இரண்டும்தான். அடுத்த பரிசோதனைக்குள் அவள் ஃபிளாட்டுக்குப் போய் அங்கே ஏதாவது நடந்துவிட்டால் அந்த வித்துராக்கார அம்மாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? நடக்காவிட்டாலும், என் வீடு வேண்டாம் என்று ஒரு பெண் அழுதுகொண்டு போவதை எப்படித் தாங்குவேன்?

துலாமாதத்து ஐப்பசி மழைக்காலம் அது. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், பிறகு கண் மூடித் திறப்பதற்குள் இருட்டிக்கொண்டு வரும். அன்று அவளுடைய மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். அவர் மாடி அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். மாத்திரையை வாங்கி ஓட்டோவில் ஏறும்போதே இடி இடித்தது. சந்துக்குள் வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

வீட்டுக்கு வெளிப்பக்கமாக டெரஸுக்குப் போகும் படிக்கட்டு ஒன்று உண்டு. கைப்பிடி கிடையாது. மழை பெய்து பெய்து படியெல்லாம் பச்சைப் பாசி. அந்தப் படியில் மேலேயிருந்து மருமகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தோளில் அவருடைய வேட்டி, கையில் என் சேலையும் மகனுடைய சட்டைகளும், அதற்குக் கீழே வயிறு. காலை எங்கே வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

குடை எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அனங்காத! அங்கேயே நில்லுட்டீ!" என்று கத்தினேன். அவள் நின்றாள். நான் ஏறிப்போய் துணியைப் பிடுங்கி மழையில் வீசிவிட்டு, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தேன். காலைத் தரையில் வைத்தாளோ இல்லையோ ஆரம்பித்தேன்.

"கூறுகெட்ட மூதி! ஒனக்கு அறிவு இருக்கா? இந்தப் படியில ஏறச் சொல்லி ஒனக்கு ஆருட்டீ சொன்னா? துணி நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போட்டும், அது என்ன பட்டா பீதாம்பரமா? வழுக்கி விழுந்தா நான் ஒங்கம்மைக்கு என்ன பதில் சொல்லுவேன்? வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டுக் கொரங்கு மாதிரி மேல ஏறுதா! படுத்துக் கெடன்னு சொன்னா படுத்துக் கெடக்க மாட்டியா? உசிரை எடுக்கதுக்குன்னே வந்து சேந்தியா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். மழையைவிட என் சத்தம் பெரிதாக இருந்தது. மாடி ஜன்னலைத் திறந்து அவர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பிரஷர்காரி. மனசில் எதையும் போட்டுக்கொள்ளக்கூடாதவள். அவளை நிற்கவைத்து, அதுவும் தமிழில், மூதி என்றும் கொரங்கு என்றும் ஏசிக்கொண்டிருக்கிறேன். பின்வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஓடிப்போகவில்லை. ஈரத் துணியைப் பொறுக்கவும் போகவில்லை. சன்ஷேடுக்கு அடியில் என் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"என்னோட அம்மையும் இப்படித்தான் ஏசும்" என்றாள்.

தமிழில் சொன்னாள். மலையாள இழுப்பு இருந்தது; ஆனால் தமிழ்தான். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்குத் தமிழ் தெரியுமா?"

"அறியாம், தெரியும் அம்மே. எங்க கடைக்கு வாரவங்க பாதிப்பேரு எஸ்டேட்டுல வேலை செய்யுறவங்கல்லே. தின்னவேலிக்காரங்க. அவங்க பிள்ளைங்ககூடத்தான் நான் களிச்சு வளந்தது. மூதின்னு எல்லாம் நானும் ஏசியிருக்கேன்."

நாங்கள் என்ன ஒரு மடையர்கள்! இந்த ஊரில் யாருக்குத் தமிழ் புரியாது? காய்கறிக்காரனுக்குப் புரியும், பஸ் கண்டக்டருக்குப் புரியும், சினிமா பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் புரியும். இது எங்கள் கண்முன்னாலேயே இருந்தது. ஆனாலும் வீட்டுத் தமிழ் என்பது பூட்டின அலமாரி, சாவி எங்களிடம் மட்டும்தான் என்று இரண்டு பேரும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு மகனைக் கேட்டபோது, "அவளுக்குப் புரியும்னு எனக்குத் தெரியும்மா. நீங்க அவ வசதிக்காக மலையாளம் பேசுதீங்கன்னு நினைச்சேன்" என்றான். அடுக்களையில் நடந்தது அவனுக்குத் தெரியாது.

அந்த அடுக்களை விஷயம் அன்றைக்கு எனக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. தமிழ் தெரியும் என்றால் இத்தனை வாரம் அடுக்களையில் பேசியது எல்லாம்? அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். வீட்டில் மற்ற சத்தத்தை எல்லாம் நானே அடக்கி வைத்திருந்தேன். குக்கர் இல்லை, டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை. தாழ்ந்த குரல் ஒன்றுதான் கேட்க இருந்தது.

அவள் என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு அரிசி களையும்போ சொன்னீங்கல்லே. இதும் நிக்காதுன்னு. அதுக்குப் பொறவு எனக்கு ஒறக்கமே வரல்ல அம்மே."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல நாக்கு புரண்டது. சொல்ல முடியவில்லை. சொன்னேன்தானே. வெட்கத்தில் என் காது கொதித்தது.

"நேர்ல வந்து கேட்டிருக்கலாமே மக்கா" என்றேன். அவளை நான் மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எப்படிக் கேக்க? நீங்க ஜூஸ் கொண்டு வந்து சிரிச்சிட்டே ஒந்நுமில்ல மோளேன்னு சொன்னீங்க. நீங்க மலையாளத்தில ஒந்நுமில்லன்னு சொல்லும்போதான் எனக்கு ஜாஸ்தி பேடி. உள்ளது அடுக்களையில தமிழ்ல இருக்கும்னு தெரியுமே."

மழை முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தது. துணியெல்லாம் சேற்றில் கிடந்தது.

"எனக்குப் பயமா இருக்கு மக்கா. அதாக்கும் உள்ளது. நான் பொறந்ததிலேருந்தே பயந்தவ. போன தடவை நடந்ததுக்குப் பொறவு ஒன் மொகத்தைப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அந்தப் பயத்துல வாய் என்னமோ சொல்லிச்சு. பிள்ளை நிக்குமா நிக்காதான்னு எனக்கு என்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?"

அவள் அழ ஆரம்பித்தாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தது. பிரஷர் ஏறுமே, அழாதே என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவள் அழுது முடித்து, நைட்டிக்கு முந்தானை இல்லாததால் என் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயம்தான் அம்மே. பயந்தா என் முன்னால வச்சுப் பயப்படுங்க. போதும். நான் ஃபிளாட்டுக்கு ஒண்ணும் போகல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் அடுக்களைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இங்க வச்சுக் கேளுங்க" என்றேன். மனிதர் விழித்தார். பிறகு தன் தொண்டையிலேயே, "எத்தனை இருக்கு மக்கா? எனக்கு ராத்திரி முழுக்க ஒறக்கம் இல்ல, கேட்டியா?" என்றார். அவள் எண்ணைச் சொன்னாள். அது நல்ல எண் இல்லை. மூன்று பேரும் அதை வைத்துக் கொஞ்ச நேரம் கவலைப்பட்டோம். பிறகு நான் போய் குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த பரிசோதனையில் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியது காரணமா, அவள் தூங்க ஆரம்பித்தது காரணமா, யாருக்குத் தெரியும். அட்மிட் வேண்டாம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னார். அப்படி ஒரு வாரம் ஒரு வாரமாகப் பிடுங்கிக்கொண்டு நாள்களைத் தள்ளினோம். வீட்டில் பழைய கூச்சல் திரும்பியது. காலிங் பெல்லை மாட்டினோம். அவர் ஃபோனில் கத்தினார், நான் அவரைப் பார்த்துக் கத்தினேன், கட்டிலில் இருந்தபடியே அவள் எங்கள் இரண்டு பேரையும் கேலி செய்தாள். என் பயம் மட்டும் ஒரு குந்துமணிகூடக் குறையவில்லை. அதை நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாளில் ஒரு காலை அவளுக்குத் தலைவலி வந்தது. கண் மங்குகிறது என்றாள். பிரஷர் மெஷினில் எண்ணைப் பார்த்ததும் அவர் எங்கள் பழைய காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நேராக லேபர் ரூமுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மகன் ஆபீசிலிருந்து ஓடி வந்து கையெழுத்துப் போட ஒரு கவுண்டருக்கும் பணம் கட்ட ஒரு கவுண்டருக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். வித்துராவிலிருந்து அவளுடைய அம்மா, அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஜீப் பிடித்து வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் அந்த அடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்தார். பிள்ளையின் துடிப்பு குறைகிறது, காத்திருக்க முடியாது, இப்போதே ஆப்பரேஷன் செய்யவேண்டும் என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் கதவைத் திறந்து, "தமிழ் பறயுந்ந அம்ம ஆரா?" என்று கூப்பிட்டாள். தமிழ் பேசுகிற அம்மா என்றதும் ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெற்றவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? அவள் கூப்பிடுவது உங்களைத்தானே என்று அவர் என் முதுகில் கைவைத்துத் தள்ளி, "செல்லு சேச்சி, விளிக்குந்நில்லே" என்றார்.

பச்சை உடுப்பை மாட்டி உள்ளே விட்டார்கள். ஒரு நிமிஷம்தான் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். விரல் எலும்பெல்லாம் வெளுத்திருந்தது. சுற்றி நின்ற சிஸ்டர்கள், "ஒந்நுமில்ல மோளே, ரிலாக்ஸ் செய்யு, ஒந்நுமில்ல" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மே, இவங்க எல்லாரும் ஒந்நுமில்லன்னு சொல்றாங்க. நீங்க உள்ளதைச் சொல்லுங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எதுவும் சொல்லவேண்டாம் என்று அர்த்தம். நான் மருமகளின் காதுப்பக்கம் குனிந்தேன்.

"பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம் மக்கா. காத்திருக்க முடியாதாம். இப்பமே அறுத்து எடுக்கணுமாம். எனக்கு நிக்க முடியல்ல, காலெல்லாம் நடுங்குது. ஒங்கம்மையும் வெளிய இருந்து அழுதிட்டுதான் இருக்கா."

அவள் என் கண்ணையே பார்த்தாள். பிறகு மூச்சை நிறைய இழுத்து விட்டாள். கடித்திருந்த பல் விட்டது. என் மணிக்கட்டில் அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

"சரி அம்மே, எடுக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில்தான் பேத்தி பிறந்தாள்; தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.